வயிற்றைப் பற்றி வாய் திறக்காதவர்கள்

பார்த்தவுடன் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது ஊர் வழக்கம், "வெளிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டுச் சம்பளம் வாங்குவது என் தொழில்.

நான் புதுக்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், புற்றுநோய் வார்டில் நர்ஸ். எங்களிடம் வருகிற நோய்களில் லிம்போமா என்று ஒன்று உண்டு. நெறி கட்டியிருக்கிறது என்று சொல்வோமே, அந்த நெறிகளில் வருகிற புற்று. வழக்கமாகக் கழுத்திலோ அக்குளிலோ தலைகாட்டும். சிலருக்கு மட்டும் அங்கெல்லாம் இடம் பிடிக்காமல் இரைப்பையிலோ குடலிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற நோய்தான். கட்டுப்படுகிற வரைக்கும் வயிற்றுக்குள் வம்பு செய்யும். ரத்தம் கசியும், வழி அடைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடலில் ஓட்டை விழும். முதல் மருந்து ஏறின கொஞ்ச நாட்கள்தான் பெரிய கண்டம். அந்த நாட்களில் வலி இருக்கிறதா, வாந்தி வந்ததா, காற்றுப் பிரிந்ததா, மலம் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருப்பது என் வேலை. சொல்லாமலே இருப்பது நோயாளியின் வேலை. இருவருமே கடமை தவறாதவர்கள்.

வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைக்காமல் தலையில் அடித்துக்கொண்டவர் யாராக இருந்தாலும் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

கீரையும் நானும்

நோயாளிகள் ஏதாவது என்றால் உடனே கூப்பிடட்டும் என்று என் போன் நம்பரைக் கொடுத்துவிடுவது வழக்கம். அவர்களும் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, நான் டவுன் பஸ்ஸில் திருக்கோகர்ணம் வந்து இறங்கி, வீட்டுக்குப் போய், தட்டைப் போட்டு உட்காரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் அப்படித்தான். ஒரு கையில் போன், மறு கையில் கரண்டி. "தண்ணியாவா, கெட்டியாவா? கொழகொழன்னு இருந்துச்சா? பச்சையா, கறுப்பா? கறுப்புன்னா எந்த மாதிரிக் கறுப்பு?" என்று விசாரித்துக்கொண்டே என் கணவரின் தட்டில் கீரை மசியலை வைத்தேன். அவர் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவர். சாதுவான மனிதர். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் தொழிலை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்றைக்கும் குறை சொல்லவில்லை. தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணு போனை வையி, இல்லன்னா கீரையை எடு."

கட்டில் கிடைக்காத நோயாளி

வேலாயுதம் கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி. அறுபதைத் தாண்டியவர், சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, யாரைக் கண்டாலும் கும்பிடு. சிறுகுடலில் லிம்போமா. ஸ்கேனைப் பார்த்த எங்கள் டாக்டர், கட்டி குடல் சுவரை ஆழமாக அரித்திருக்கிறது, இவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்.

நோயாளி வந்து சேர்வதற்கு முன்னால் அவருடைய மகனின் போன் வந்து சேர்ந்துவிட்டது. மகன் குமரேசன் வளைகுடாவில் இருக்கிறார். "டாக்டர், அப்பாகிட்ட அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அதையே மெயின்டெயின் பண்ணுங்க. கேன்சர்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவாரு" என்றார். டாக்டர் அவரோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். மனைவி சிவகாமி அழுதார், மச்சினன் ராசேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில், முதல் மருந்து ஏறட்டும், பிறகு பேசிக்கொள்வோம் என்று டாக்டர் இறங்கி வந்தார்.

எங்கள் வார்டு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு இருக்கிறது. 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவனுக்கும் தெரிகிற எழுத்து. வேலாயுதம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். போர்டுக்கு முன்னால் நின்று ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். படித்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சிவகாமி அசரவில்லை.

"அல்சர் வார்டுல கட்டில் காலி இல்லையாம், அதான் இங்கிட்டுப் போட்டுருக்காக."

யார் வயிறு, யார் வாய்

"வயிறு வலிக்குதாங்கய்யா?" என்று வேலாயுதத்திடம் கேட்பேன். அவர் மனைவியைப் பார்ப்பார். "இல்ல சிஸ்டர், அவுகளுக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சிவகாமி சொல்வார். "வாந்தி?" "அதெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்காக." வயிறு ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது. எங்கள் பக்கம் இதற்கு நல்ல குடும்பம் என்று பெயர். புருஷன் வலியைத் தானே சொல்வதுதான் பெண்டாட்டிக்கு அழகு, பெண்டாட்டி சொல்லும்போது குறுக்கே பேசாததுதான் புருஷனுக்கு மரியாதை.

மலம் பற்றிய கேள்வி வந்தால் கதையே வேறு. சிவகாமிக்கும் தெரியாது, அவர் கேட்டதும் கிடையாது. வேலாயுதம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார். சரி, மனைவி இருப்பதால்தான் கூச்சம் என்று, அவர் டீ வாங்கப் போன நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போனேன். "ஐயா, உங்களுக்கு ஓட்டை கீட்டை விழுந்துடக் கூடாதேன்னுதான் கேக்குறேன். கூச்சப்படாதீங்க. என்னை உங்க மகளா நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றேன். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மகளா நெனச்சா இன்னும்ல சொல்ல முடியாது, ஆத்தா."

மீமிசல் பாக்கியம்

இதற்கு நேர் எதிர் பாக்கியம். மீமிசலில் மீன் விற்கிறவர். அவருக்கும் அதே நோய்தான், இரைப்பையில். மருந்து ஏற்றுகிற ஹாலில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் தட்டிதான் உண்டு. பாக்கியத்தின் குரல் கடற்கரையில் ஏலம் கூவிப் பழகிய குரல். அதற்குத் துணித் தட்டி எந்த மூலைக்கு?

ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் உள்ளே வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. "சிஸ்டர், காலையில தாரு ஊத்துன மாதிரிக் கறுப்பாப் போச்சு. பிசுபிசுன்னு ஒட்டுது, நாத்தம்னா கொடலப் புடுங்குற நாத்தம்" என்று ஹாலுக்கே அறிவித்தார். பாதிப் பேர் பொட்டலத்தை மூடினார்கள். நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்தான். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாறினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அன்றே குழாய் விட்டுப் பார்த்தார்கள், கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு நாள் சும்மா இருந்திருந்தால் பாக்கியம் போய்ச் சேர்ந்திருப்பார்.

தேறி எழுந்து உட்கார்ந்ததும் தட்டியைக் கொஞ்சம் விலக்கி வேலாயுதத்தைப் பார்த்தார். நான் அவரிடம் மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்க, அவர் மூன்றாவது முறையாக ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"அண்ணே, மீனு கெட்டுப்போச்சான்னு செவுளத் தொறந்து காட்டித்தான் ஆகணும், மூடி வச்சா மட்டும் நல்ல மீனாயிருமா?"

வருகை தரும் நிபுணர்கள்

எங்கள் வார்டில் டாக்டர்கள் கொஞ்சம் பேர்தான். நிபுணர்கள் மாலை நேரத்தில் வருவார்கள். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், மறு கையில் ஆப்பிள் பை, வாயில் வைத்தியம். வேலாயுதத்துக்கு ஒருவர் பிரண்டைத் துவையல் எழுதிக் கொடுத்தார், ஒருவர் ஆட்டுக்கால் சூப்பு, ஒருவர் நண்டு ரசம். பரிசோதனை, ரிப்போர்ட் எதுவும் தேவையில்லாத வைத்தியம். நிபுணர் குழுவுக்குத் தலைவர் மச்சினன் ராசேந்திரன்.

அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். உள்ளே அல்சர் நாடகம் நடப்பதால் உண்மையெல்லாம் வராந்தாவில்தான் பேச வேண்டும். "வரப்புல நண்டு வளை போட்டு, அந்த வளையில மண்ணு அடைச்சிருக்குன்னு வச்சுக்கங்க. தண்ணி பட்டு மண்ணு கரைஞ்சா என்ன ஆகும்? மடை ஒடையும். இவருக்குக் கட்டி குடல் சுவரை அரிச்சு, அரிச்ச எடத்தை அதுவே அடைச்சிக்கிட்டும் இருக்கு. மருந்து அந்தக் கட்டியைக் கரைக்கும். பின்னாலேயே சதை வளர்றதுக்குள்ள கரைஞ்சிட்டா ஓட்டைதான். வயசும் அறுபதுக்கு மேல. அதனால இந்தக் கொஞ்ச நாளைக்குக் கஞ்சி, குழைஞ்ச சோறு. கடையில வாங்குற வலி மாத்திரைப் பேச்சே கூடாது. வயித்துல சின்ன வலின்னாலும் உடனே எனக்குப் போன்" என்று புள்ளி வைத்துக் கோலம் போட்டேன்.

ராசேந்திரன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். இடையிடையே தலையாட்டினார். இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு ஆள் கவனமாகக் கேட்டுப் பார்த்ததில்லை என்று எனக்கே கொஞ்சம் பெருமை. யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப மருந்து வேல செஞ்சாத்தான் ஓட்டை விழும்ங்கிறீங்க, வேல செய்யாத மருந்தாப் பாத்துப் போடச் சொல்லுங்க சிஸ்டர்."

பசி

முதல் மருந்து ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. இன்னும் கொஞ்ச நாள் வார்டிலேயே வைத்துப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளை அணு ஏறுவதற்குப் போட்ட ஊசியால் முதுகு வலிக்கும், வலித்தால் நாங்கள் கொடுத்த பாராசிட்டமால் மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வைத்தியத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்தி. அது ஒரு மாயக்காரி. பசியைக் கிளப்பிவிடும், உடம்பில் தெம்பு வந்த மாதிரிக் காட்டும், உள்ளே புண் ரணமாகக் கிடந்தாலும் வலியை அமுக்கிவிடும். திருடன் நுழையும்போது காவல் நாயைத் தாலாட்டித் தூங்க வைக்கிற வேலை. "வலி இல்லைங்கிறதை மட்டும் வச்சு நல்லாயிருச்சுன்னு நெனச்சுராதீங்க" என்று சிவகாமியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

சில நாளில் போன் வந்தது. சிவகாமியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இட்டிலி மேல் இட்டிலியாகக் கேட்கிறாராம், வயல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தாராம், முகமே தெளிந்துவிட்டதாம். நோயின் பெயர் கேன்சர் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். புருஷனிடம் மறைப்பதற்காகச் சொல்ல ஆரம்பித்த பொய்யைத் தினமும் சொல்லிச் சொல்லி, பாவம், அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"அவுகளுக்கு அல்சர் கொணமாயிருச்சு சிஸ்டர்."

எந்தக் கோயில்?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மொய் விருந்துக் காலம். ஒருவர் விருந்து வைப்பார். சொந்தபந்தம், பழகியவர்கள் எல்லோரும் போய்க் கறிச்சோறு சாப்பிட்டு மொய் செய்துவிட்டு வர வேண்டும். போகாவிட்டால் பகை. போய்ச் சாப்பிடாமல் வந்தால் அதைவிடப் பெரிய பகை.

ஒரு நாள் மதியம் வேலாயுதத்தின் நிலவரம் கேட்கலாம் என்று போன் போட்டேன். சிவகாமி எடுத்தார். "கோயிலுக்கு வந்துருக்கோம் சிஸ்டர், அப்புறம் பேசவா?" என்றார். அவருக்குப் பின்னால் மைக்கில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்: "கொழம்பு வாளி மேக்குப் பந்திக்கு, கொழம்பு வாளி மேக்குப் பந்திக்கு. அங்கிட்டு நாலு எலை விட்டுப் போச்சுப்பா." எந்தச் சாமிக்கு மேற்குப் பந்தியில் கறிக்குழம்பு ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். ஐயாவிடம் கொடுங்கள் என்றேன்.

விருந்து வைத்தவர் நம்முடைய நிபுணர் குழுத் தலைவர் ராசேந்திரனேதான். வராந்தாவில் தலையாட்டிய அதே தலை. வேலாயுதம் போனை வாங்கி, ரெண்டே துண்டுதான் சாப்பிட்டேன் என்று கணக்குச் சொன்னார். வயிறு வலி இல்லை, முதுகு வலிகூடப் போய்விட்டது என்றார். "கஞ்சிதான குடிக்கச் சொன்னேன், யாராவது எலையில உக்காரச் சொன்னேனா?" என்று சத்தம் போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்குப் புரிய வைக்கிற பொறுமையோடு சொன்னார்.

"மச்சினன் வீட்டுல மொய் செஞ்சுட்டுக் கை நனைக்காம எந்திரிச்சா, நாளைக்கு அவன் எப்படி ஆத்தா எங்க வீட்டு வாசப்படிய மிதிப்பான்?"

நடந்தே வந்தவர்

விருந்து முடிந்த மூன்றாம் நாள், கறம்பக்குடியிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, நடந்தே வார்டுக்குள் வந்தார் வேலாயுதம். வேட்டியில் கசங்கல்கூட இல்லை. "ரெண்டு நாளா லேசா உப்புசம் ஆத்தா. சோடா குடிச்சேன், ஏப்பம் வரல" என்றார். நாடியைப் பிடித்தேன். அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயிறு பானை மாதிரி. காற்றுப் பிரிந்ததா என்று கேட்டேன். இந்த முறை ஃபேனைப் பார்க்கவில்லை, மெதுவாகத் தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினார். டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்தபோது முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். சாதாரணமாக இந்த நிலைமையில் ஆள் கட்டிலில் துள்ள வேண்டும். ஸ்டீராய்டு உபயம், துள்ளவில்லை. எக்ஸ்ரேயில் வயிற்றுக்கு மேலே பிறை மாதிரிக் காற்று நின்றது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது.

ஆபரேஷனுக்குத் தயார் செய்யச் சட்டையைக் கழற்றினேன். பையில் ஒரு சின்னக் காகித உறை. உள்ளே மூன்று நிறத்தில் உதிரி மாத்திரைகள். மெடிக்கல் கடையில் உடம்பு வலி என்று சொன்னால் ஒரு செட் கட்டிக் கொடுப்பார்களே, அதேதான். அதில் இரண்டு வகை வலி மாத்திரை. ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிற குடலுக்கு அதைவிடப் பெரிய எதிரி வேறு கிடையாது. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதுகு வலி போன மர்மமும் துலங்கியது. உறையைச் சிவகாமியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யார் வாங்குனது?" என்றேன். சிவகாமி அழுதுகொண்டே, "நாந்தான் சிஸ்டர். முதுகு வலியில ஒறங்க முடியாமத் துடிச்சாக. சும்மா ஒண்ணும் வாங்கல. அல்சர் உள்ளவுகன்னு வெவரம் சொல்லித்தான் கேட்டேன். அப்ப அல்சருக்கு இதையும் சேத்துப் போடச் சொல்லுங்கன்னு அந்த ரோஸ் மாத்திரையையும் குடுத்தாரு" என்றார். கேன்சர் மருந்து ஏறியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் எந்தக் கடைக்காரரும் கை வைத்திருக்க மாட்டார். ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்னோடு வேலை பார்க்கும் ஆரோக்கியமேரி. வழக்கமாக அதிகம் பேசாதவள்.

"பரவாயில்ல, பொய்க்கும் சேத்து ஒரு மாத்திரை குடுத்துருக்காங்க."

வராந்தா மாநாடு

அறுத்தார்கள். ஓட்டை விழுந்த பகுதியை எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றின் மேல் கொண்டுவந்து ஒரு பை மாட்டினார்கள். பிற்பாடு திரும்ப உள்ளே இணைத்துக்கொள்ளலாம். சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, ஐ.சி.யு.வில் அவர் கிடந்த நாட்களில் நான் கும்பிடாத சாமி இல்லை. மனிதர் பிழைத்து வார்டுக்கு வந்தார். ஒரு வழியாக மூச்சு விட்டேன்.

அப்பாடா என்று உட்கார விடுவார்களா? சொந்தபந்தமெல்லாம் வராந்தாவில் கூடியது. ராசேந்திரன் தலைமை. மருந்துதான் ஓட்டை போட்டது, ஆகவே இனி மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பச்சிலை பார்க்கலாம் என்பது தீர்மானம். டாக்டர் வந்தார். "ஓட்டை விழுந்த எடத்தை எடுத்தாச்சு. ஆனா நெறியில இன்னும் நோய் மிச்சம் இருக்கு. புண் ஆறினதும் மருந்தைத் தொடர்ந்தா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. நிறுத்தினா நோய் திரும்பி வரும், அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று தெளிவாகச் சொன்னார். காப்பாற்றக் கூடிய மனிதரைப் பாசத்தோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சாகவிடப் போகிறார்கள்.

வீடியோ காலில் மகன் குமரேசன் வந்தார். தலையில் கம்பெனி ஹெல்மெட். படித்தவர், நாலு ஊர் பார்த்தவர், இவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டார். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை மாமா முடிவு செய்யட்டும் என்று அந்தப் பக்கம் தள்ளினார். அவருடைய கவலை வேறாக இருந்தது.

"டாக்டர், இப்பவும் அல்சர்னே மெயின்டெயின் பண்ணுங்க, ஆபரேஷன் எதுக்குன்னு அப்பா கேட்டா குடலிறக்கம்னு சொல்லிருவோம்."

வேலாயுதத்தின் பதில்

டாக்டர் நேராக வார்டுக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன். வேலாயுதத்தின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு என்ன நோய்னு சொல்லியிருக்காங்க?" என்றார். "அல்சருங்க" என்றார் வேலாயுதம். "அல்சர் இல்லைங்கய்யா. குடல்ல கேன்சர். மருந்துக்குக் கேக்குற கேன்சர்" என்று ஆரம்பித்து, ஒளிக்காமல், பயமுறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். சிவகாமி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கதவோரம் ராசேந்திரன் நின்றார். வேலாயுதத்தின் மனசு இப்போது உடையும், இப்போது உடையும் என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண் மட்டும் கலங்கியது. பிறகு, "அந்தக் கறிதான் ஓட்டை போட்டுச்சா?" என்றார். "கறி மேல மட்டும் பழி போட முடியாதுங்க. புண்ணு ஆழம், வயசு, ஸ்டீராய்டு, இது போதாதுன்னு வலி மாத்திரை. உப்புசம் தொடங்கின அன்னிக்கே வந்திருந்தா இவ்வளவு சீழ் பிடிச்சிருக்காது" என்றார் டாக்டர். வேலாயுதம் தலையசைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, போர்வையைத் தானே விலக்கினார். "ஆத்தா, பையில காலையிலேருந்து தண்ணியாத்தான் வருது. மஞ்சக் கலரு. ரெத்தம் இல்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு வாக்கியத்துக்கு அழுகிற பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த மருந்து எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். புண் ஆறினதும் என்றார் டாக்டர். "போடுங்க. எங்க ஆளுக யாரும் வந்து வேணாமுன்னா கேக்காதீங்க, என்னையக் கேளுங்க" என்றார். ராசேந்திரன் கதவோரத்திலிருந்து வராந்தாவுக்கு நழுவினார். பிறகு வேலாயுதம் மனைவியிடம் கையை நீட்டிப் போனை வாங்கினார். மகன் இன்னும் லைனில்தான் இருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், "அப்பா, ஒண்ணும் பயப்படாதீங்க, சின்ன குடலிறக்கம்தான்" என்று தொடங்கிவிட்டார். வேலாயுதம் அவரைப் பேசி முடிக்க விட்டார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"அல்சருக்கு எவனாச்சும் பயப்புடுவானாப்பா? கேன்சருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, பயத்துலயாச்சும் கஞ்சியக் குடிச்சுப்புட்டுச் சும்மா கெடந்திருப்பேன்ல?"

குடலில் ஓட்டை விழ வயது, ஆழமான புண், வலி மாத்திரை என்று டாக்டர்கள் பல காரணம் சொல்வார்கள். இத்தனை வருடம் இந்த வார்டில் குப்பை கொட்டியவள் என்ற முறையில் நான் சேர்த்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், நோயாளியின் மேல் உயிரையே வைத்திருக்கிற சொந்தக்காரர்கள்.